வடக்கும் தெற்கும்: அமெரிக்க உள்நாட்டுப் போரில் நோக்கம் மாறிய வரலாறு

நெடுங்கிள்ளி உறையூரில் அடைத்திருக்க, நலங்கிள்ளி அவ்வூரை முற்றியிருந்தபோது, இருவரும் சோழர் குடியினர் ஆதலின் எவர் தோற்றாலும் இழிவு அக்குடிக்கே என்று கோவூர்கிழார் இடித்துரைத்ததைப் புறநானூற்றில் நாம் பயின்றிருக்கிறோம். 1861 முதல் 1865 வரை அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வட மாநிலங்களும் தென் மாநிலங்களும் பொருத போரையும் உடன்பிறந்தார் போர் என்றே பலர் உரைப்பர். ஆயின், அங்கே இரு தரப்பாரும் தொடக்கத்தில் கணக்கில் கொள்ளாத மூன்றாம் கூட்டத்தாரும் இருந்தனர். அவர்களே கறுப்பின அடிமைகள். அவர்களை விடுவிக்கவே லிங்கன் போர் தொடுத்தார் என்று மாணவர் பலர் தேர்வுத் தாளில் எழுதுகின்றனர். அது பாதி உண்மையே. மறுபாதியை ஈண்டு காண்போம்.

பிளவின் வேர்

வடக்கே தொழிற்சாலைகளும் கூலி உழைப்பும் சிறு பண்ணைகளும் பெருகின. தெற்கே பருத்தித் தோட்டங்கள் அடிமை உழைப்பால் செழித்தன. 1860ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ 3 கோடியே 14 இலட்சம். அவருள் 39 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அடிமைகள்.

மேற்கே புதிதாகச் சேர்ந்த நிலப்பகுதிகளில் அடிமை முறை பரவலாமா கூடாதா என்பதே இரு தரப்புக்கும் இடையே நீண்ட வழக்காயிற்று. 1820இலும் 1850இலும் உடன்பாடுகள் செய்யப்பட்டன. 1854ஆம் ஆண்டுச் சட்டம் முதல் உடன்பாட்டைக் குலைத்தது. 1857இல் டிரெட் ஸ்காட் வழக்கில், கறுப்பினத்தார் நாட்டின் குடிமக்கள் ஆகார் என்றும், அப்பகுதிகளில் அடிமை முறையைத் தடுக்க நாடாளுமன்றத்திற்கு உரிமை இல்லை என்றும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

1860 நவம்பரில் ஆபிரகாம் லிங்கன் குடியரசுத் தலைவராகத் தேர்வு பெற்றார். தென் மாநிலங்கள் பலவற்றில் அவருக்கு ஒரு வாக்கும் விழவில்லை. அடிமை முறை மேலும் பரவலாகாது என்பதே அவர்தம் கட்சியின் கொள்கை. இருக்கும் இடத்திலும் அதனை ஒழிப்பேன் என்று அவர் அன்று கூறவில்லை. எனினும் டிசம்பர் 20ஆம் நாள் தென் கரோலினா ஒன்றியத்தினின்றும் விலகியது. 1861 பிப்ரவரியில் விலகிய மாநிலங்கள் தனிக் கூட்டமைப்பு நிறுவி, ஜெபர்சன் டேவிஸைத் தலைவராக்கின.

மாநில உரிமைக்காகவே தெற்குப் பிரிந்தது என்று வாதிடுவாரும் உளர். இக்கூற்று ஆராய்தற்குரியது. தன் நிலைப்பாடு அடிமை முறையோடு முற்றும் பிணைந்தது என்று மிசிசிப்பி மாநிலம் தன் விலகல் அறிக்கையிலேயே அறிவித்தது. மேலும், தப்பியோடிய அடிமைகளை வட மாநிலத்தார் பிடித்துக் கொடுத்தாக வேண்டும் என்னும் 1850ஆம் ஆண்டு நடுவண் சட்டத்தை வற்புறுத்திப் பெற்றவரும் தென்னவரே. அங்கே வட மாநிலங்களின் உரிமை அவர்க்குப் பொருட்டாகவில்லை.

போரின் தொடக்கம்

1861 ஏப்ரல் 12ஆம் நாள், சார்ல்ஸ்டன் துறைமுகத்திலிருந்த சம்ட்டர் கோட்டையைத் தென்னவர் பீரங்கியால் தாக்கினர். லிங்கன் 75,000 வீரர்களைத் திரட்ட ஆணையிட்டார். மேலும் நான்கு மாநிலங்கள் தெற்கோடு சேர, கூட்டமைப்பின் மாநிலங்கள் பதினொன்றாயின. ஆயின் மேரிலாந்து, டெலவர், கென்டக்கி, மிசௌரி ஆகிய நான்கும் அடிமை முறை உடையனவாக இருந்தும் ஒன்றியத்திலேயே நின்றன. இவற்றை இழக்க லிங்கன் அஞ்சினார். ஆகவே ஒன்றியத்தைக் காப்பதொன்றே தம் குறிக்கோள் என அவர் முதலில் அறிவித்தார்.

ஆள்வலியும் ஆலைவலியும் வடக்கிடமே மிகுதி. எனினும் 1861 ஜூலையில் புல் ரன் என்னுமிடத்தில் வடபடை தோற்றோடியது. தம் பருத்தியின்றி இங்கிலாந்தின் ஆலைகள் இயங்கா, ஆதலின் அந்நாடு தமக்குத் துணைவரும் என்று தென்னவர் நம்பினர். வடக்கின் கடற்படை துறைமுகங்களை அடைத்தது. இங்கிலாந்தோ இந்தியப் பருத்தியையும் எகிப்துப் பருத்தியையும் நாடியது. பம்பாயிலும் சென்னை மாகாணத்திலும் பருத்தி விலை ஏறியது. போர் முடிந்த 1865இல் விலை வீழ, பம்பாய் வணிகர் பலர் நொடித்துப் போயினர். தெற்கைத் தனி நாடாக இங்கிலாந்து கடைசிவரை ஏற்கவில்லை.

நோக்கம் மாறிய வகை

1861 மே மாதத்தில், தென்படைக்கு அரண் கட்டும் பணியில் ஈடுபடுத்தப்பட்ட அடிமைகள் மூவர், இரவில் படகேறி வர்ஜீனியாவில் வடவர் வசமிருந்த மன்ரோ கோட்டையை அடைந்தனர். அவர்களைத் திருப்பித் தருமாறு உரிமையாளர் தரப்பில் ஆள் வந்தது. தளபதி பட்லர் வழக்கறிஞராகவும் இருந்தவர். வர்ஜீனியா தன்னை வேற்று நாடு என்கிறது, ஆதலின் இந்நாட்டுச் சட்டத்தின் பயனை அது கோர இயலாது என வாதிட்டு மறுத்தார். போருக்குப் பயன்பட்ட பகைவர் உடைமை என்ற பெயரால் மூவரையும் தம்மிடமே வைத்துக்கொண்டார்.

மனிதரை உடைமை எனக் கொண்ட சட்டத்தாலேயே அம்மனிதர்க்கு வழி திறந்தது. செய்தி பரவவே நூற்றுக்கணக்கானோரும், பின்னர் ஆயிரக்கணக்கானோரும் வடபடை முகாம்களை நாடி வந்தனர். இவர்களை என் செய்வது என்னும் வினாவை அரசு தவிர்க்க இயலாதாயிற்று.

1862 செப்டம்பர் 17இல் ஆன்டீட்டம் போரில் ஒரே நாளில் இரு தரப்பிலும் சுமார் 23,000 பேர் மடிந்தும் காயமுற்றும் காணாமலும் போயினர். லீயின் தென்படை பின்வாங்கியது. ஐந்து நாள் கழித்து லிங்கன் விடுதலைப் பிரகடனத்தின் முன்னறிவிப்பை வெளியிட்டார். 1863 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. கிளர்ச்சிப் பகுதிகளுக்கே அது பொருந்தியது. ஒன்றியத்தில் நின்ற நான்கு மாநிலங்களின் அடிமைகளை அது விடுவிக்கவில்லை. ஆயினும் போரின் பொருள் அன்றே மாறிற்று. அதன்பின் சுமார் 1,80,000 கறுப்பினத்தார் வடபடையில் சேர்ந்து போரிட்டனர்.

முடிவும் விளைவும்

1863 ஜூலையில் கெட்டிஸ்பர்க்கில் லீ தோற்றார். அடுத்த நாளே விக்ஸ்பர்க் நகரம் கிராண்டிடம் வீழ்ந்தது. 1864இல் ஷெர்மன் அட்லாண்டாவைக் கைப்பற்றிக் கடற்கரைவரை ஊடறுத்துச் சென்றார். 1865 ஏப்ரல் 9இல் அப்பமாட்டக்ஸில் லீ கிராண்டிடம் சரணடைந்தார். ஐந்து நாட்களில் லிங்கன் சுடப்பட்டு, மறுநாள் உயிர் நீத்தார். மாண்டவர் 6,20,000 பேர் என்று நெடுங்காலம் கூறப்பட்டது. அண்மைய ஆய்வுகள் ஏறத்தாழ 7 இலட்சம் என மதிப்பிடுகின்றன. அடிமை முறையை நாடெங்கும் ஒழித்த பதின்மூன்றாம் சட்டத் திருத்தம் 1865 டிசம்பரில் நிறைவேறியது.

இவ்விடத்தில் ஒருவரை நினைத்தல் தகும். போர் தொடங்கிய அதே சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் 1807இல் அடிமையாக வந்திறங்கியவர் உமர் இப்னு சயீத். இன்றைய செனகல் நாட்டுப் பகுதியில் பிறந்து, மார்க்கக் கல்வி கற்றுத் தேர்ந்தவர். 1831இல் தம் வரலாற்றை அரபு மொழியில் எழுதினார். ஆட்சியும் உடைமையும் இறைவனுக்கே உரியன என்னும் கருத்துடைய அல்முல்க் அத்தியாயத்தை அந்நூலின் முகப்பில் வைத்தார். தொண்ணூறு அகவை கடந்த அவர், போர் நடந்துகொண்டிருந்தபோதே அடிமையாகவே மறைந்தார்.

விடுதலை பெற்றோர்க்கும் முழு உரிமை உடனே கிட்டவில்லை. 1877இல் நடுவண் படை தென் மாநிலங்களின் காவலைக் கைவிட்டபின், அவர்தம் வாக்குரிமை படிப்படியாகப் பறிக்கப்பட்டது. அதனை மீட்க 1965ஆம் ஆண்டுச் சட்டம் வரை அவர்கள் காத்திருக்க நேர்ந்தது.

ஆகவே, லிங்கன் அடிமைகளை விடுவித்தார் என எழுதும் மாணவர், மன்ரோ கோட்டைக்குப் படகேறிய மூவரையும் படையில் சேர்ந்த 1,80,000 பேரையும் அவ்விடையில் சேர்த்து எழுதுதல் வேண்டும். அப்பொழுதே அவ்விடை முழுமை பெறும்.