ஆணா, பெண்ணா?

எங்கள் தாராசுரத்தில் ஒரு பெண் முழுகாமல் இருந்தால், ஐந்தாம் மாதத்திலேயே தெருவார் தீர்ப்புக் கூறிவிடுவர். வயிறு கூம்பி முன்தள்ளினால் ஆண்; பரந்திருந்தால் பெண். எழும்போது வலக்கையை ஊன்றினால் ஆண். முகம் களையாயிருந்தால் பெண் என்பார் என் பாட்டி. ஆண் என்பார் எதிர்வீட்டுப் பாட்டி!

வயிற்றின் வடிவம் தாயின் உயரம், தசையின் உறுதி, குழந்தை கிடக்கும் நிலை இவற்றைப் பொறுத்தது. ஆயினும் குறிகள் பலிக்கின்றனவே என்பீர்கள். இயற்கையில் 100 பெண் குழந்தைகளுக்கு ஏறத்தாழ 105 ஆண் குழந்தைகள் பிறக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் பாதி பலிக்கும். பலித்ததை ஊர் பேசும், பலிக்காததை மறந்துவிடும்.

தாயின் கருமுட்டையில் எப்போதும் எக்ஸ் குரோமோசோம்தான். தந்தையின் விந்தணுவிலோ எக்ஸ் அல்லது ஒய். முட்டையுடன் எது சேர்கிறதோ, அதன்படி அப்போதே முடிவாகிவிடுகிறது. 1905இல் நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி மாவுப்புழுக்களை ஆராய்ந்து இதற்கு வழிகாட்டினார். இன்று ஸ்கேன் கருவி உண்மையையே காட்டிவிடும். பெண் கருக்கள் அழிக்கப்பட்டதால், அதைத் தெரிவிப்பதை 1994ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது.

என் அத்தைக்கு முதல் இரண்டும் பெண். மூன்றாம் முறை எல்லாக் குறிகளும் ஆண் என்றன; பிறந்தது பெண். பிரசவத்திற்கு எங்கள் வீட்டில் இருந்தவரை அவருடைய மாமியார் ஒரு மாதம் எட்டிப் பார்க்கவில்லை. "பொட்டப்புள்ளையா பெக்கறவ" என்ற பேச்சு அத்தைக்கு நிலைத்தது.

சென்ற விடுமுறையில் அவர் வீட்டிற்குப் போனபோது, வகுப்பில் படித்ததைச் சொன்னேன். தார் சுற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தி, "இத ஒங்க மாமாகிட்ட சொல்லுய்யா" என்றார். மாமா தறியில் இருந்தார். நான் வாய் திறக்கவில்லை.