பானெட்டை மூடிவிட்டு டிக்கியைத் திறங்கள்

"பழைய வண்டின்னா பெட்ரோல் வாடை வரத்தான் சார் செய்யும்" என்று ஒரு மெக்கானிக் சொன்னால் அன்றைக்கே ஆளை மாற்றிவிடுங்கள். டேங்கும் ட்யூபும் சரியாக இருக்கிற வண்டி, எத்தனை வயதானாலும், ஷெட்டுக்குள் நுழைந்ததும் தலைவலி வருமளவுக்கு நாறாது.

என்னுடையது ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் மார்க் 3. நம் மெட்ராஸ் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி செய்த நாலு கதவு வண்டி. ஹெரால்ட் பிறந்த இங்கிலாந்திலேயே நாலு கதவு கிடையாது. அதைப் போய் எடைக்குப் போடச் சொன்னார் என் மைத்துனர். அவர் படிக்க வேண்டும் என்றும்தான் எழுதுகிறேன்.

கே.கே. நகரில் நம் எல்லோர் வீடும் ஒரே மாதிரிதானே. கார் ஷெட்டிலேயே இன்வெர்ட்டர், சம்ப் மோட்டார் சுவிட்ச், மேலே படுக்கையறை. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். தரையோடு பரவி மூலையில் தேங்கும். காற்றில் ஒன்றரை சதவீதம்கூட வேண்டாம், ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். அதனால் வாடை தூக்கலாக இருக்கும்போது எந்த சுவிட்சையும் தொடாதீர்கள். ஷட்டரை முழுக்கத் திறந்து, வண்டியை வெளியே தள்ளிவிட்டு அப்புறம் தேடுங்கள்.

எங்கே தேடுவது என்பதில்தான் என் பணம் போனது. ஹெரால்டின் பானெட் மொத்தமாக முன்பக்கம் கவிழும். எஞ்சின் முழுசும் கடை விரித்தாற்போல் தெரியும். அதைப் பார்த்ததும் மெக்கானிக்குக் கை அரிக்கும் போல. கார்புரேட்டரைக் கழற்றினார், பம்புக்கு டயாஃப்ரம் மாற்றினார், பேக்கிங் எல்லாம் புதுசு போட்டார். பில் வந்தது. வாடை போகவில்லை. "நம்ம ஊர் வெயிலுக்கு கார்புரேட்டர்ல பெட்ரோல் கொதிக்குது சார்" என்றார்.

கொதிக்கும், உண்மைதான். ஆனால் அது வண்டியை நிறுத்திய கொஞ்ச நேரத்துக்கு. எஞ்சின் ஆறினால் அடங்கிவிடும். எனக்கோ விடியற்காலையில் ஷட்டரைத் தூக்கினால்தான் முகத்தில் அறைந்தது. ராத்திரி முழுக்க எஞ்சின் சும்மா கிடக்கிறது, டேங்க் பக்கம் மட்டும் எப்போதும் பெட்ரோல் நிற்கிறது. இதைச் சொன்னால், "நீங்க கம்ப்யூட்டர் ஆளு சார், விடுங்க."

ஹெரால்டுக்கு டேங்க் டிக்கிக்குள்ளேயே இருக்கிறது. அதிலிருந்து இறங்கும் ரப்பர் ஹோஸ் அந்த மகானே மாற்றியதுதான். "புதுசு, அதைச் சந்தேகப்படாதீங்க" என்று சத்தியம் செய்யாத குறை. தொட்டுப் பார்த்தால் ஒரு சொட்டு ஈரம் கிடையாது. துவைத்த காட்டன் துணியை ஹோஸைச் சுற்றி அழுத்தித் தேய்த்து, அந்தத் துணியை வெளியே எடுத்துவந்து முகர்ந்தேன். சுத்தமான பெட்ரோல் வாடை. ஓட்டை எங்கும் இல்லை. ரப்பரின் சுவர் வழியாகவே ஆவி கசிந்துகொண்டிருந்தது. இப்போது பங்கில் போடுவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், 2023 முதல் வந்தது. மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் சாதா ஹோஸ் அதற்குத் தாங்காது. புதுசு என்பது ஒரு தகுதியே இல்லை.

மற்றவை சில்லறை வேலைகள். டேங்க் ஃப்ளோட்டுக்கு அடியில் இருக்கும் கார்க் பேக்கிங்கை மாற்றுங்கள். அங்கே சாதா சிலிக்கான் பூச யாரையும் விடாதீர்கள், பெட்ரோலில் ஊறி உரிந்துவிடும். டேங்கை வாய்வரை நிரப்பாதீர்கள்: 30 லிட்டர் பெட்ரோல் 10 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட 300 மில்லி பெருகும், அது எங்காவது வெளியே வந்துதானே ஆகவேண்டும்? டிக்கி விரிப்பை மொட்டைமாடி வெயிலில் போடுங்கள். வாடை மாதக்கணக்கில் ஊறியிருந்தால் அதைத் தூக்கி எறிவதே மேல்.

ஹோஸ் வாங்க ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்கு நீங்களே போங்கள், மெக்கானிக்கிடம் பணம் கொடுத்து அனுப்பாதீர்கள். எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்று ஹோஸின் மேலேயே அச்சடித்திருக்க வேண்டும். விலை கூடத்தான், எனக்கு கார்புரேட்டர் வேலைக்குப் போனதோடு பார்த்தால் அது டீச்செலவு. "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று கடைக்காரர் வெறும் கறுப்பு ஹோஸை நீட்டினால் வாதாடாதீர்கள், அடுத்த கடைக்கு நடங்கள்.