வட்டம் ஒன்றுதான், குறி ஏன் மாறுகிறது?

கேள்வி: காவி நுண்கணிதத்தில், ஆரை 1 உடைய வட்டத்தைச் சுற்றி ஒரு கோட்டுத் தொகையீடு தந்திருந்தார்கள். எக்ஸுக்குச் சைன், வைக்குக் கொசைன் என்று பிரதியிட்டேன். மறை 2 பை வந்தது. புத்தகத்தின் விடை நேர் 2 பை. இரண்டையும் வர்க்கித்துக் கூட்டினால் 1 தானே வருகிறது? பிறகு எங்கே பிழை?
– பல்கலைக்கழக முதலாம் ஆண்டு மாணவி, கிண்ணியா

பதில்: மாணவி எடுத்த வட்டம் சரி. அதில் அவர் எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருக்கிறார்.

வர்க்கங்களின் கூட்டுத்தொகை 1 என்ற சமன்பாடு, எந்தெந்தப் புள்ளிகள் வட்டத்தில் கிடக்கின்றன என்பதோடு நின்றுவிடும். எங்கே புறப்படுவது, எந்தப் பக்கம் திரும்புவது, எவ்வளவு விரைவாகப் போவது என்பதையெல்லாம் சொல்வது பரமானம். மாணவியின் பிரதியீட்டில் கோணத்தை 0 ஆக்கிப் பார்த்தால் சைன் 0, கொசைன் 1. புறப்படும் இடம் வட்டத்தின் உச்சி, அதாவது வடக்கு. 90 பாகையில் கிழக்கு, 180 பாகையில் தெற்கு. இது வலஞ்சுழி. புத்தகத்தின் பிரதியீடு கிழக்கில் தொடங்கி வடக்குக்கு ஏறுகிறது, அது இடஞ்சுழி.

மாணவியின் முறையைக் கப்பற்காரர் நாள்தோறும் கையாள்கிறார்கள். திருகோணமலைத் துறைமுகத்துக்கு வரும் கப்பலில் திசைகோளை வடக்கிலிருந்து வலஞ்சுழியாகவே அளப்பார்கள். கிழக்கு 090, தெற்கு 180, மேற்கு 270. சாதாரண தரத்தில் மூன்று இலக்கத்தில் எழுதிப் பழகிய அதே திசைகோள்தான். அதை வைத்துக் கப்பலின் இடத்தைக் கணக்கிட்டால் கிழக்குத் தூரத்துக்குச் சைனும் வடக்குத் தூரத்துக்குக் கொசைனும் தானாகவே வந்து விழும். கடலில் இது வழக்கம். கணித நூல்களோ கோணத்தைக் கிழக்கு அச்சிலிருந்து இடஞ்சுழியாக அளக்கின்றன.

சரி, திசை மாறினால் குறி ஏன் மாறவேண்டும்? 2009இல் திறக்கப்பட்ட கிண்ணியாப் பாலத்தின் நீளம் 396 மீற்றர். ஒருவர் சைக்கிளில் திருகோணமலைப் பக்கம் போகிறார், காற்று முதுகில் தள்ளுகிறது. அதே நேரம் எதிரே கிண்ணியாவுக்கு வருபவருக்கு அது முகத்தில் அறைகிறது. பாலமும் காற்றும் மாறவில்லை. ஆனாலும் முதலாமவருக்குக் காற்று செய்த வேலை நேர், மற்றவருக்கு மறை. கோட்டுத் தொகையீடு கூட்டுவது இதைத்தான்: ஒவ்வோர் அடியிலும், போகும் திசையில் புலம் எவ்வளவு துணை நிற்கிறது என்பதை. திசையைத் திருப்பினால் ஒவ்வோர் அடியின் குறியும் திரும்பும்.

வேகம் மாறினால் ஒன்றும் ஆகாது. மக்காவில் தவாப் செய்து வந்தவர்கள் கிண்ணியாவில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டால் இது விளங்கும். ஹஜருல் அஸ்வத் இருக்கும் மூலையில் தொடங்கி, கஃபாவை இடப்பக்கம் வைத்து, ஏழு சுற்று. மேலிருந்து பார்த்தால் இடஞ்சுழி. மக்காவை அடைந்ததும் செய்யும் தவாபில் ஆண்கள் முதல் மூன்று சுற்றை விரைந்தும் மற்ற நான்கை இயல்பாகவும் நடப்பது சுன்னத். விரைந்து நடந்ததும் ஒரு சுற்று, மெதுவாக நடந்ததும் ஒரு சுற்று. கோணக் கணக்கில் மொத்தம் 14 பை. வேகம் அதில் எதையும் கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை. கோணேஸ்வரத்தில் வலம் வரும் பக்தருக்குச் சந்நிதி வலப்பக்கம் இருக்கும். அதே கணக்கில் அவருடைய சுற்று மறைக் குறி பெறும். நேர், மறை என்பவை வெறும் கணக்குக் குறிகள், வழிபாட்டின் சிறப்புக்கும் அவற்றுக்கும் தொடர்பு கிடையாது. சூழப்படும் பரப்பு இடப்பக்கம் இருந்தால் நேர் என்று கணிதர்கள் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

சில இடங்களில் சுற்றும் திசையை இயற்கையே தீர்மானிக்கிறது. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரை கடந்தது. வட அரைக்கோளத்தில் புயற்காற்று இடஞ்சுழியாகவே சுழலும். பூமியின் சுழற்சி அப்படித் திருப்பிவிடுகிறது. ஆகவே மையம் கிழக்கே கடலில் இருக்கும்போது கிண்ணியாவுக்கு வடக்கிலிருந்தும், மையம் வடக்கே வந்ததும் மேற்கிலிருந்தும் காற்று வர வேண்டும். காற்றின் திசையை வைத்தே மையம் எந்தப் பக்கம் என்று ஊகிக்கலாம், கடலுக்குப் போகிறவர்களுக்கு இது உயிர்காக்கும் அறிவு. ஒரு புயலின் மையத்திலிருந்து 100 கிலோமீற்றர் ஆரையில் வட்டம் கீறி, எங்கும் தொடலி வழியே செக்கனுக்கு 20 மீற்றர் காற்று என்று வைத்துக்கொண்டால், கோட்டுத் தொகையீடு 2 பை × 1,00,000 × 20. அதாவது செக்கனுக்கு ஏறத்தாழ 1 கோடியே 25 இலட்சம் சதுர மீற்றர். வானிலை ஆய்வில் இதற்குச் சுற்றோட்டம் என்று பெயர். நோர்வேக்காரரான வில்ஹெல்ம் பியர்க்னெஸ் 1898இல் தந்த தேற்றம் இதைப் பற்றியதே. மாணவியின் பிரதியீட்டில் இதைச் செய்தால் அளவு சரியாக வரும், குறி மட்டும் மறையாகும். அந்த மறைக் குறியை அப்படியே நம்பினால், 2019இல் மொசாம்பிக்கைத் தாக்கிய இடாய் போன்ற தென் அரைக்கோளப் புயலாக அதை எண்ண நேரும்.

திருத்துவது எளிது. முதலில் 0 பாகையையும் 90 பாகையையும் போட்டு இரண்டு புள்ளிகளைக் குறித்து, போகும் திசையைப் பார்க்கவேண்டும். கேட்ட திசைக்கு எதிராக இருந்தால், ஒன்றில் எல்லைகளைத் தலைகீழாக்கி 2 பையிலிருந்து 0 வரை தொகையிடலாம். அல்லது கடைசி விடையின் குறியை மாற்றலாம். இரண்டையும் செய்தால் பழைய பிழையே திரும்பி வரும்.

இன்னோர் இடத்திலும் மாணவர்கள் வழுக்குகிறார்கள். இடஞ்சுழிதான் எப்போதும் நேர் என்று மனனம் செய்தவர்களுக்கு, நடுவில் துளை உள்ள பரப்பு வந்ததும் கணக்குப் பிசகும். திருகோணமலை உள்துறைமுகத்தில் சோபர் தீவு இருக்கிறது. துறைமுகத்தின் நீர்ப்பரப்பைச் சுற்றி எல்லையெடுக்க வேண்டுமானால், வெளிக்கரையில் நீரை இடப்பக்கம் வைத்து நடப்பவர் இடஞ்சுழியாகப் போவார். தீவின் கரையில் அதே விதிப்படி நடப்பவர் வலஞ்சுழியாகப் போகவேண்டும். மாணவியின் கணக்கில் வந்த புலம் எந்தப் பரப்பைச் சுற்றினாலும் அப்பரப்பின் இருமடங்கைத் தருவதாக இருந்தால், வெளி ஆரை 2, தீவின் ஆரை 1 என்று எடுத்துச் சரிபார்க்கலாம். வெளிவட்டம் 8 பை, தீவு மறை 2 பை, கூட்டினால் 6 பை. தீவையும் இடஞ்சுழியாகச் சுற்றியவருக்கு 10 பை வரும். கழிக்கவேண்டிய தீவை அவர் இருமுறை கூட்டியிருப்பார்.