புதிதாகப் பணியேற்ற அறிவியல் ஆசிரியருக்கு



உன் பள்ளிக்குத் திரையும் இணைய வசதியும் வந்து சேர்ந்தன என்றும், இலவசமாகக் கிடைக்கும் அசைபடங்களையும் ஒலிப்பதிவுகளையும் பாவனைச் சோதனைகளையும் கொண்டு மாணவர்களின் மனத்தை ஈர்க்க விரும்புகிறாய் என்றும், ஆயிரக்கணக்கில் குவிந்துகிடக்கும் அவற்றுள் எதை எடுப்பது, எதை விடுப்பது என்று திகைப்பதாகவும் எழுதியிருந்தாய். எதை எடுப்பது என்பதைக் காட்டிலும், பாடத்தின் எந்தக் கட்டத்தில் எடுப்பது என்பதே பெரிய கேள்வி என்பது என் அபிப்பிராயம். ஆகையால் அதையே சற்று விரித்து எழுதுகிறேன்.

சித்திரத்தைக் கொண்டு பாடம் சொல்வது இக்காலத்துப் புதுமை அன்று. மொராவியாவில் பிறந்த கொமேனியஸ் என்னும் பேராசான், குழந்தைகளுக்கென்றே படங்கள் நிறைந்த பாடநூல் ஒன்றை 1658ஆம் ஆண்டிலேயே வெளியிட்டார். 1913இல் எடிசன், பள்ளிகளில் இனிப் புத்தகத்திற்கு வேலை இராது, சலனப்படமே சகலத்தையும் கற்பித்துவிடும் என்று உறுதியாக நம்பிக் கூறினார். அதன்பின் வானொலியும் தொலைக்காட்சியும் கணினியும் ஒவ்வொன்றாக வகுப்பறைக்குள் வந்தபோதெல்லாம் அதே நம்பிக்கை புத்துயிர் பெற்று எழுந்தது. புத்தகமோ இன்றும் குழந்தையின் பையில்தான் இருக்கிறது. அசையும் படத்தைக் கண்டவுடன் வகுப்பிலுள்ள அத்தனை கண்களும் திரையில் பதிகின்றன என்பது மெய்யே. ஆயினும் கண் பதிந்த இடத்தில் கருத்தும் பதிந்தது என்று ஆசிரியர் திருப்தியடைந்துவிடுவதுதான் அபாயம்.

மின்சுற்றுப் பாடத்தையே எடுத்துக்கொள். 2001இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன், கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002இல் தொடங்கிவைத்த ஃபெட் என்ற பாவனைச் சோதனைத் தொகுதி யாவருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. அவற்றுட் சில தமிழிலும் உள்ளன. முன்னதாகவே இறக்கி வைத்துக்கொண்டால், பாடவேளையில் இணையம் அறுந்துபோனாலும் கவலையில்லை. மின்கலம், விளக்கு, கம்பி ஆகியவற்றை இழுத்துவந்து பொருத்தினால், கம்பிக்குள் எலக்ட்ரான்கள் சிறு சிறு நீலப் புள்ளிகளாக ஊர்ந்து செல்வதைக் காணலாம். மின்கலத்தின் இரு முனைகளையும் ஒரே கம்பியால் நேரே இணைத்துவிட்டாலோ, மின்கலம் தீப்பற்றுவதாகத் திரை காட்டும். குழந்தைகள் கைகொட்டி ஆரவாரிப்பார்கள். மனிதக் கண்ணுக்குப் புலப்படாத ஒன்றைப் பிரத்தியட்சமாக்கிக் காட்டும் இவ்வுபகரணத்தை நான் மனமாரப் போற்றுகிறேன்.

ஆனால் பாடம் தொடங்கியதும் அதைத் திறந்துவிடாதே. கரும்பலகையில் ஒரு மின்கலத்தையும், அதனோடு தொடர் இணைப்பில் ஒரே மாதிரியான இரண்டு விளக்குகளையும் வரைந்து, எது அதிகப் பிரகாசமாக எரியும் என்று கேள். வாயால் சொல்லவேண்டாம், நோட்டில் எழுதுங்கள், ஏன் என்றும் ஒரு வரி எழுதுங்கள் என்று சொல். மின்கலத்திலிருந்து வரும் மின்சாரத்தை முதல் விளக்கு குடித்துவிடும், மிச்சம்தான் அடுத்ததற்குப் போகும் என்று பலர் எழுதியிருப்பார்கள். இந்த எண்ணம் ஊர், மொழி வேறுபாடின்றி உலகெங்கும் குழந்தைகளிடத்தில் காணப்படுவது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எல்லாரும் எழுதி முடித்த பிறகு, பின்வரிசையிலிருந்து ஒருத்தியை அழைத்து, அவள் கையாலேயே திரையில் அந்தச் சுற்றைப் பொருத்தச் சொல். இரண்டு விளக்குகளும் ஒன்றுபோல் எரியும். தன் கையெழுத்தில் ஓர் ஊகம் நோட்டில் கிடக்க, கண்ணெதிரே அதற்கு மாறான காட்சி தோன்றும் அந்தக் கணத்தில்தான் குழந்தையின் சித்தம் விழித்துக்கொள்கிறது. முதலிலேயே காட்டியிருந்தால், பார்த்து ரசித்துவிட்டு, பழைய எண்ணத்தையும் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுபோயிருப்பார்கள்.

அத்துடன் நிறுத்திவிடாமல், கடையில் வாங்கிய டார்ச் செல்லையும் சிறு பல்புகளையும் மேசைமேல் வை. பக்க இணைப்பில் இரண்டாவது விளக்கைச் சேர்த்தாலும் முதல் விளக்கின் ஒளி குன்றாது என்று திரை காட்டியிருக்கும்; கொஞ்சம் தேய்ந்துபோன செல்லில் சேர்த்துப் பார்த்தாலோ, ஒளி சற்றே மங்கக் காண்பார்கள். “அப்படியென்றால் கம்ப்யூட்டர் பொய் சொல்கிறதா, சார்?” என்று ஒருவன் கேட்டால், அவனை அடக்கிவிடாதே. திரையிலுள்ளது அகமின்தடையே இல்லாத இலட்சிய மின்கலம் என்பதையும், உண்மையான மின்கலத்திற்குள்ளேயே ஒரு தடை உண்டு என்பதையும், எந்தப் பாவனைச் சோதனையும் யாரோ சிலவற்றைச் சேர்த்துச் சிலவற்றை விலக்கி அமைத்ததே என்பதையும் அந்த ஒரு கேள்வியைப் பற்றிக்கொண்டு விளக்கிவிடலாம். திரையில் காண்பதனைத்தையும் நம்பிவிடும் இக்காலத்தில், இதைவிடப் பயனுள்ள பாடம் ஒன்றை நான் அறியேன்.

அசைபடம் காட்டும்போதும் ஒன்றைக் கவனி. கலிபோர்னியாவில் ரிச்சர்ட் மேயர் என்ற உளவியல் அறிஞர் பல ஆண்டுகள் பரிசோதித்துக் கண்டவற்றுள் ஒன்று, பாடத்தோடு சம்பந்தமில்லாத சங்கீதமும் அலங்காரமும் கற்றலுக்கு உதவுவதற்குப் பதிலாகக் குறுக்கே நிற்கின்றன என்பது. ஆகவே பின்னணி இசை முழங்கும் படமானால் ஒலியை அணைத்துவிட்டு, உன் குரலில், உன் ஊர்க் குழந்தைகளுக்குப் பழகிய சொற்களில் நீயே விளக்கு. இரண்டு நிமிஷம் ஓடியதும் நிறுத்திக் கேள்வி கேள்.

கணிதத்திற்கு ஜியோஜீப்ரா உண்டு. இரவு வானத்தைக் காட்ட ஸ்டெல்லேரியம் உண்டு. நம் பாடநூல்களிலேயே அச்சிட்டிருக்கும் கியூஆர் குறிகளும், கல்வித் துறையின் மணற்கேணிச் செயலியும் உண்டு. எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கும் சபலம் வேண்டாம். இரண்டைத் தேர்ந்து, அவற்றின் குறைகள் உட்பட முழுமையாகப் பழகிக்கொள். ஓராண்டுக்கு அது போதும்.

ஒலியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆடாசிட்டி என்ற இலவச ஒலிப்பதிவு மென்பொருள் பழைய கணினியிலும் ஓடும். குழந்தை பேசப் பேச அதன் குரல் அலைவடிவமாகத் திரையில் எழும். கைதட்டினால் கூரிய முள்போல் ஓர் ஏற்றம் தோன்றும். அதிர்வைப் பற்றிய பாடத்திற்கு இதைவிடச் சிறந்த முன்னுரை இல்லை. தமிழாசிரியரோடு சேர்ந்து, பாட்டிமார்கள் பாடும் தாலாட்டுகளையும், வயல்வேலையில் வழங்கும் சொற்களையும் அவர்கள் சம்மதத்துடன் பதிந்துவரச் செய். தன் குரலைக் கேட்ட குழந்தை, ழகரம் சரியாக விழவில்லை என்று தானே உணர்ந்து, மறுபடியும் பதிய அனுமதி கேட்கும். பார்வையாளனாக இருந்த மாணவன் கர்த்தாவாக மாறும் இடம் அது.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. பணம் கேட்காத சேவைகள் பல, குழந்தையின் பெயரையும் முகத்தையும் விலையாகப் பெற்றுக்கொள்கின்றன. தனித்தரவுப் பாதுகாப்புக்கென 2023இல் நம் நாட்டில் இயற்றப்பட்ட சட்டம், 18 வயது நிறையாதவர்களைக் குழந்தைகளாகவே கருதி, அவர்களுடைய விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சம்மதத்தைக் கேட்கிறது. மாணவர்களின் பெயரில் கணக்குத் தொடங்கச் சொல்லும் எதையும் நாடாதே. வகுப்பில் எடுத்த படங்களை ஊரறியப் பரப்பாதே. படம் வேண்டுமானால் விக்கிமீடியா பொதுவகத்திலிருந்து எடுத்து, எடுத்தவர் பெயரை அதன் கீழே எழுதிக் காட்டு. பிறர் உழைப்பை மதிக்கும் பழக்கம் குழந்தைகளுக்கும் வரும்.

மின்சுற்றுப் பாடத்தை நடத்திய பின், குழந்தைகள் நோட்டில் எழுதிய ஊகங்களைப் பெயர் குறிப்பிடாமல் எனக்கு எழுதி அனுப்பு. தவறானவை என்று எதையும் நீக்கிவிடாதே. அவற்றைத்தான் முதலில் படிக்க விரும்புகிறேன்.