கிறிபேஜ்: எண்ணக் கற்பிக்கும் ஆட்டம்

சீட்டாட்டம் என்றதும் சூதே நம் நினைவுக்கு வருகின்றது. ஆயினும், பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் உருவாகிய கிறிபேஜ் என்னும் ஆட்டம் பணயமின்றியும் ஆடத்தக்கதோர் எண்ணற் பயிற்சியாகும். கவிஞர் சேர் ஜோன் சக்ளிங் (1609–1641) இதனை அமைத்தார் என்பர்.

ஆடுவோர் இருவராயின், ஒவ்வொருவரும் ஆறு சீட்டுப் பெற்று இரண்டை ஒதுக்குவர். ஒதுக்கிய நான்கும் 'கிறிப்' எனப்படும். அது சீட்டுப் பகிர்ந்தவர்க்கு உரியது. கட்டை வெட்டித் திறக்கும் ஒரு சீட்டு இருவர்க்கும் பொது. தொகை 31ஐ மிஞ்சாது மாறிமாறிச் சீட்டிறக்கி ஆடிய பின்னர், கைச்சீட்டுகளை எண்ணிப் புள்ளி பெறுவர். துளைப்பலகையில் 121ஐ முதலில் எட்டியவர் வென்றவர்.

கூட்டி 15 ஆகும் ஒவ்வொரு சேர்க்கைக்கும் 2 புள்ளி, சோடிக்கு 2, மூன்றும் அதற்கு மேலும் தொடரும் வரிசைக்குச் சீட்டொன்றுக்கு 1. படச்சீட்டின் பெறுமதி 10. வேறு சில சிறு பேறுகளும் உள.

கையில் 4, 5, 5, 6. பொதுச்சீட்டு 6 எனக் கொள்வோம். 4, 5, 6 என்பன நான்கு வழிகளிற் சேரும். ஒவ்வொன்றும் 15 ஆதலால் 8, ஒவ்வொன்றும் வரிசையுமாதலால் 12, சோடி இரண்டிற்கு 4, ஆக 24. புதிதாகக் கற்போர் ஒரு வழியைக் கண்டு, 9 புள்ளியோடு நின்றுவிடுவர்.

'மகின்ஸ்' என்னும் விதியை ஏற்று ஆடினால், நாம் எண்ணாது விட்டதை எதிரி தமதாக்கிக்கொள்வார். கையிலிருந்த பொருளை அறியாமையால் இழப்பது எத்துணை இரங்கத்தக்கது! ஆதலின், பதினைந்து, வரிசை, சோடி என்னும் ஒழுங்கு பிறழாது உரக்க எண்ணிப் பழகுவோமாக.