கார் ஆயில் பைக்குக்கு ஆகுமா?

கியர் உள்ள பெரும்பாலான பைக்குகளில் இன்ஜின், கியர்பாக்ஸ், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில்தான் ஓடுகின்றன. சாதாரண கியர் காரில் கிளட்ச் தட்டு ஆயில் படாமல் தனியே இருக்கும். அதனால், எரிபொருள் மிச்சமாகட்டும் என்று பல கார் ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் ரசாயனம் சேர்க்கிறார்கள். அதுவே பைக்கில் கிளட்சை ஸ்லிப் ஆக்கலாம். மேட்டுப்பாளையம் தாண்டிக் குன்னூர் மலையேறும்போது இன்ஜின் அலறியும் வண்டி இழுக்கவில்லை என்றால் முதல் சந்தேகம் அங்கேதான். 1990களின் இறுதியில் ஜப்பானில் வகுத்த ஜாசோ தரம் இதற்காகவே வந்தது. கேனில் 'ஜாசோ எம்ஏ' அல்லது 'எம்ஏ2' இருக்கிறதா என்று பாருங்கள். 'எம்பி' கியரில்லா ஸ்கூட்டருக்கு.

"கார் ஆயில் ஊத்தியும் நம்ம வண்டி ஓடுதுங்களே" என்பார்கள். ஓடும்தான், எல்லாக் கார் ஆயிலிலும் அந்த ரசாயனம் ஒரே அளவில் இல்லை. ஆனால் ஒரு லிட்டரில் மிச்சம் பிடித்த காசு, கிளட்ச் தட்டு மாற்றும் கூலியிலேயே கரைந்துவிடும். வெயிலுக்குத் திக்கான ஆயில் நல்லது என்ற வாதமும் பாதிதான் சரி. 10டபிள்யூ-30 என்பதில் 30 என்ற எண், 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஆயிலின் பாகுத்தன்மையைக் குறிக்கிறது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வாங்கும் கோவையின் வெயில் அதற்குமுன் எம்மாத்திரம்? கையேடு சொல்லும் எண்ணே போதும். கறுத்துவிட்டதே என்று பதற வேண்டாம், அழுக்கைத் தாங்குவதும் ஆயிலின் வேலைதான். கையேடு சொல்லும் கிலோமீட்டர், மாதம் இரண்டில் எது முந்துகிறதோ அப்போது மாற்றுங்கள். அவிநாசி சாலை நெரிசலில் நின்று நின்று ஓடும் வண்டிக்குச் சற்று முன்னதாகவே. வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.