பச்சைப் புள்ளி மட்டும் போதுமா? சைவக்காரர்களுக்குச் சில சொற்கள்

மயிலாப்பூர் மாட வீதியில் காய் வாங்கும்போது எதையும் படித்துப் பார்க்கத் தேவையில்லை. கத்தரிக்காய் கத்தரிக்காய்தான். பொட்டலம், புட்டி, மாத்திரை அட்டை என்று வரும்போதுதான் சில சொற்கள் தெரிந்திருக்க வேண்டும். கடையிலும் ஹோட்டலிலும் கூச்சப்படாமல் கேட்பதற்கு அவைதான் துணை.

1. பச்சைப் புள்ளி: பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் இருந்தால் சைவம். அசைவத்துக்கு முன்பு பழுப்பு வட்டம். இப்போது பழுப்பு முக்கோணம். நிறம் பிரித்தறிய முடியாதவர்களும் வடிவத்தை வைத்துக் கண்டுகொள்ளலாம். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி முட்டை அசைவம். பால், தேன், தேன்மெழுகு, அரக்கு ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. மிட்டாய்களைப் பளபளப்பாக்கப் பூசும் ஷெல்லாக் இந்த அரக்குதான், பூச்சி சுரப்பது. அது சேர்ந்திருந்தாலும் பச்சைப் புள்ளி கிடைத்துவிடும். வேண்டாம் என்பவர்கள் பொருள் பட்டியலில் 904 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

2. எண்கள்: 120 என்றால் கார்மைன், பூச்சியை அரைத்து எடுக்கும் சிவப்புச் சாயம். 471 தாவர எண்ணெயிலிருந்தும் வரலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரலாம். 631-ம் அப்படித்தான். இந்தியப் பொட்டலத்தில் பச்சைப் புள்ளி இருந்தால் இந்த இரண்டைப் பற்றியும் கவலை வேண்டாம். 100 மஞ்சள், 406 கடற்பாசி, 440 பழங்களிலிருந்து எடுக்கும் பெக்டின். எண்ணாக இருப்பதாலேயே எல்லாவற்றையும் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

3. ஜெலட்டின்: மாடு, பன்றி போன்றவற்றின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது. மார்ஷ்மெல்லோ, மெல்லும் ஜெல்லி மிட்டாய், சில வகை புட்டிங் ஆகியவற்றில் இருக்கும். அமெரிக்காவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பிள்ளைகள் பெட்டி நிறைய மிட்டாய் கொண்டு வருகிறார்கள். பச்சைப் புள்ளி இந்தியச் சட்டம் என்பதால் அவற்றில் அது இருக்காது. பேரன் பேத்திக்குக் கொடுக்கும் முன் பின்பக்கத்தைப் படியுங்கள்.

வீட்டில் செய்வதற்கு நம் ஊர் மாற்று இருக்கிறது. அதுதான் அகர், மளிகைக் கடையில் சைனா கிராஸ் என்று கேட்டால் கொடுப்பார்கள். ராமேஸ்வரம், பாம்பன் பக்கம் பெண்கள் கடலில் மூழ்கி அள்ளிவரும் பாசியிலிருந்தும் இதே அகர் எடுக்கப்படுகிறது. 10 கிராமை நறுக்கிக் கால் மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, சிறு தீயில் ஓர் இழைகூடக் கண்ணுக்குத் தெரியாமல் கரைய விடுங்கள். பிறகு ஒரு லிட்டர் சூடான பாலில் வடிகட்டிக் கலக்கலாம். பால் ஆறியிருந்தால் ஊற்றிய இடத்திலேயே திரிதிரியாகிவிடும். சென்னை வெயிலிலும் ஃப்ரிட்ஜ் இல்லாமலே உறையும்.

4. கேப்ஸ்யூல்: மருந்துக் கூடு பெரும்பாலும் ஜெலட்டின்தான். அதே மருந்து மாத்திரையாகவோ சிரப்பாகவோ உண்டா என்று மருத்துவரிடமே கேளுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். வைட்டமின் டி3 பெரும்பாலும் ஆட்டு ரோமக் கொழுப்பிலிருந்து எடுப்பது. டி2-வுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

5. ரென்னட்: சீஸுக்காகப் பாலைத் திரிக்க உதவுவது. கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுப்பது பழைய முறை. நுண்ணுயிரிலிருந்து எடுப்பது இன்றைய முறை. இறக்குமதி சீஸ் வாங்கினால் பாருங்கள். நம் பனீர் எலுமிச்சையிலோ தயிரிலோ திரிவது, பிரச்சினையே இல்லை.

6. எக் வாஷ்: பேக்கரி கண்ணாடிப் பெட்டியில் வெஜ் பஃப் மேல்புறம் பொன்னிறமாக மின்னுகிறதா? வேகவைக்கும் முன் முட்டையை அடித்துப் பூசியிருக்கலாம், பாலும் பூசியிருக்கலாம். உள்ளே உருளைக்கிழங்கு இருந்தால் மட்டும் போதாது. "மேலே என்ன தடவுறீங்க?" என்று கேளுங்கள். பரோட்டா மாவு, நான் மாவு பிசையும்போதும் முட்டை சேர்க்கும் கடைகள் உண்டு.

7. வீகன்: பால், தயிர், நெய், தேன் எதையும் தொடாதவர்கள். இந்தியாவில் 2022-ல் வீகன் உணவுக்குத் தனி விதிமுறை வந்தது. அதற்கென்று ஒரு பச்சை முத்திரையும் உண்டு. வீட்டுக்கு அப்படி ஒரு விருந்தினர் வந்தால் திண்டாட வேண்டாம். நல்லெண்ணெயில் தாளித்த வத்தக்குழம்பு, பருப்பு உசிலி, ரசம், தேங்காய்ப்பால் பாயசம் எல்லாமே வீகன்தான். பழக்கத்தில் ஒரு ஸ்பூன் நெய் விட்டுவிடாமல் பார்த்துக்கொண்டால் சரி.

8. ஜெயின், திவசம்: தி.நகர் வட இந்திய உணவகங்களில் ஜெயின் என்று கேட்டால் வெங்காயம், பூண்டு, உருளை, கேரட் என மண்ணுக்குள் விளைவது எதுவும் சேர்க்கமாட்டார்கள். திவசச் சமையல் வேறு. அங்கே நாட்டுக்காய்தான், இங்கிலீஷ் காயும் பெருங்காயமும் கிடையாது, மிளகாய்க்குப் பதில் மிளகு. சமையல்காரரிடம் சொல்லும்போது இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

9. கூட்டுப் பெருங்காயம்: டப்பாவில் வரும் தூளில் பிசினும் மாவும் கலந்திருக்கும், பெரும்பாலும் மைதா. கோதுமை ஒவ்வாதவர் வீட்டில் இருந்தால் பட்டியலைப் படித்து, அரிசி மாவு கலந்ததைத் தேடி வாங்குங்கள்.

10. கோரோசனை, புனுகு: கச்சேரி ரோடு டப்பா செட்டி கடை போன்ற நாட்டு மருந்துக் கடைகளுக்குப் போகிறவர்கள் இவற்றை அறிந்திருக்க வேண்டும். கோரோசனை மாட்டின் பித்தப்பைக் கல். புனுகு, புனுகுப் பூனையிடமிருந்து எடுப்பது. குழந்தைக்கு உரசிக் கொடுக்கும் மாத்திரையில் என்ன சேர்ந்திருக்கிறது என்று கேட்டுவிட்டு, குழந்தை மருத்துவரிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

11. பட்டு: ஒரு புடவைக்கு ஆயிரக்கணக்கான கூடுகள் புழுவோடு வெந்நீரில் போகின்றன. காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதி இதைச் சொல்லித்தான் பட்டை விடும்படி பெண்களைக் கேட்டுக்கொண்டார். அஹிம்சா பட்டில் பூச்சி வெளியேறிய பிறகே நூல் எடுக்கிறார்கள். இழை அறுந்து போவதால் நூற்க வேண்டியிருக்கிறது. மினுமினுப்பு சற்றுக் குறையும். முகூர்த்தத்துக்கு எடுக்கப் போகிறவர்கள் ஒருமுறை விசாரித்துப் பார்க்கலாம். எனக்கு அந்த மங்கல் ஒரு குறையாகவே தெரியவில்லை.

12. பி12: சைவக்காரர்கள் மிகவும் கவனிக்க வேண்டிய சொல் இதுதான். கீரையிலும் பருப்பிலும் இது இல்லை. நமக்குப் பால், தயிர், மோரிலிருந்துதான் வர வேண்டும். பால் குடிக்காத முதியவர்களுக்கும் வீகன்களுக்கும் குறைந்துபோகும். உள்ளங்கால் மரத்துப்போவது, நாக்கு எரிச்சல், ஓயாத அசதி, மறதி எல்லாம் அறிகுறிகள். வயசானால் அப்படித்தான் என்று விட்டுவிடுகிறோம். நாள்பட்டால் நரம்பு பாதிப்பு முழுவதும் சரியாகாமலும் போகலாம். சாதாரண ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். வீட்டில் அறுபதைத் தாண்டியவர்கள் இருந்தால் அடுத்த முறை சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்கும்போது பி12-ஐயும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.